ஊரறியாத் தொன்மை ஊரில் நில்லாது

(செம்பரம்பாக்கத்தில் ஊர்மக்கள் நடுவே நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்துவடிவம்)



செம்பரம்பாக்கத்து ஏரியை அறியாதார் இக்கூட்டத்தில் ஒருவரும் இலர். முழுமையாக நிறைந்தால் அதன் நீர்மட்டம் 24 அடி. அது கொள்ளும் நீர் 364 கோடியே 50 இலக்கம் கன அடி. மழைக்காலம் வந்துவிட்டால் இவ்வெண்களை இவ்வூர்ச் சிறுவரும் மனப்பாடமாக ஒப்பிப்பர். 2015ஆம் ஆண்டு திசம்பர்த் தொடக்கத்தில் அடையாற்றில் பெருகிய வெள்ளத்திற்குப் பிறகு சென்னை மாநகரே இவ்வேரியின் அடிக்கணக்கை நாள்தோறும் கேட்டறிகின்றது. நன்று. ஆயின், நீரின் அளவை இத்துணை நுட்பமாக அறிந்த மக்கள், அந்நீரைத் தாங்கி நிற்கும் மண்ணின் அகவையை அறிந்துளரா? ஏரிக்கரையில் நின்று தென்கிழக்கே நோக்கினால் குன்றத்தூர். அதற்கும் அப்பால் பல்லாவரம். வடக்கே சென்றால் கொற்றலையாற்றங்கரையில் அத்திரம்பாக்கம். இவ்வூர்ப் பெயர்களை உலகத்துத் தொல்லியலறிஞர் மதிப்புடன் எடுத்துச் சொல்கின்றனர். அவ்வூர்களின் அண்டை அயலிலே வாழும் மக்களுக்கோ அம்மதிப்பின் காரணம் தெரியாது.

இது மக்களின் குற்றமன்று. இம்மண்ணைப் பற்றிய அறிவு ஆங்கிலத்தில் எழுதப்பெற்று நூலகப் பேழைகளிற் பூட்டப்பெற்றது. ஆலமரத்தடிக்கும் பள்ளி முற்றத்திற்கும் அது வந்ததில்லை. பிறந்த மண்ணைப் பற்றிய செய்தி, அம்மண்ணிற் பிறந்த மொழியில், அம்மண்ணில் வாழ்வோர்க்குச் சொல்லப்படாதிருத்தல் எவ்வளவு பெரிய முரண்பாடு!

1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், இராபர்ட்டு புரூசு பூட்டு என்னும் ஆங்கிலேய நிலவியலறிஞர், பல்லாவரத்தில் படைவீரர் அணிவகுக்கும் திடலையடுத்துச் சரளை தோண்டிய ஒரு குழியில், மாந்தக் கையால் செதுக்கப்பெற்ற கல்லொன்றைக் கண்டெடுத்தார். இந்திய நிலப்பரப்பில், பழங்கற்காலக் கருவியென அடையாளம் அறியப்பெற்ற முதற்கல் அதுவே. அதே ஆண்டு செபுதம்பரில் அவரும் வில்லியம் கிங்கு என்பாரும் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கற்கருவிகளைக் கண்டனர்.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். அக்குழியைத் தோண்டியவர் பூட்டு அல்லர்; கூலிக்கு உழைத்த தொழிலாளர். பூட்டு வருவதற்கு முன்னரே அத்தகைய கற்கள் பல அவர்தம் கூடையில் ஏறியிருக்கும். பாதையிற் கொட்டப்பெற்றுச் சக்கரத்தின்கீழ் நொறுங்கியிருக்கும். தொழிலாளர்க்கும் கண் இருந்தது. பூட்டுக்கும் கண் இருந்தது. வேறுபாடு யாது? பிரெஞ்சு நாட்டில் சோம் என்னும் ஆற்றின் சரளைப் படுகைகளிற் கிடைத்த செதுக்குக் கற்கள் பண்டை மாந்தனின் கருவிகளே என்று 1859ஆம் ஆண்டில் அறிஞர் ஒப்புக்கொண்டனர். அச்செய்தியைப் பூட்டு கற்றிருந்தார். அத்தகைய கல் இங்கும் கிடைக்கக்கூடும் என்னும் நினைவு அவர் நெஞ்சில் இருந்தது. ஆதலால் கல்லைக் கண்டது அவர் கண் அன்று, அவர் கல்வி. அக்கல்வி அன்று அத்தொழிலாளர்க்கும் கிடைத்திருக்குமானால், கண்டறிந்த பெருமை பல்லாவரத்தார்க்கே உரியதாகியிருக்கும்.

அதே பல்லாவரத்திற்கு மற்றொரு பெருமையும் உண்டு. 1911ஆம் ஆண்டில் மறைமலையடிகள் அங்குக் குடியேறினார். 1916ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கம் அங்கிருந்தே எழுந்தது. இந்நாட்டில் மண்ணின் தொன்மையைத் தேடும் முயற்சிக்கு வித்திட்ட ஊரிலேயே, சொல்லின் தூய்மையைத் தேடும் முயற்சியும் வேர்விட்டது. ஆயின் பின்னையது நாடெங்கும் பரவியது; முன்னையது பரவவில்லை. ஏன்?

தனித்தமிழ் இயக்கம் வெறும் நூல்களால் மட்டும் வளர்ந்ததன்று. ‘அக்கிராசனர்’ தலைவர் ஆனதும், ‘அபேட்சகர்’ வேட்பாளர் ஆனதும், ‘நமசுகாரம்’ வணக்கம் ஆனதும் ஊர்தோறும் நிகழ்ந்த கூட்டங்களாலும் மேடைப் பொழிவுகளாலும் ஆகும். புலவர்கள் ஊர்களுக்கு நடந்தும் மாட்டுவண்டியிலும் சென்றனர். எண்ணெய் விளக்கொளியில் உழவர்முன் பேசினர். கேட்டவர் அச்சொற்களைத் தம் வீட்டுக்குக் கொண்டுசென்றனர். மக்கள் வாயில் ஏறிய சொல்லை எவரும் பிடுங்க இயலவில்லை. தொல்லியலோ மேடை ஏறவில்லை. அதனால்தான் அதன் பொருள்கள் மண்வாரி எந்திரத்தின் வாயிற் போகின்றன.

இச்சுற்றுப்புறத்து மண்ணில் கற்கருவிகள் மட்டுமல்ல, இரும்புக்காலத்து ஈமச் சின்னங்களும் மிகப்பல. பெருங்கற்களை வட்டமாக அடுக்கி, நடுவில் தாழியையோ கால்கள் பொருத்திய சுடுமண் பேழையையோ புதைப்பது அக்கால வழக்கம். பல்லாவரத்தில் அலெக்சாண்டர் இரீ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அத்தகைய ஈமப்பேழையைக் கண்டெடுத்தார். குன்றத்தூரில் 1950களில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு நிகழ்த்தியது. தாழியும் பேழையும் மட்டுமன்றி உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமான கலங்களும் இத்தகைய இடங்களில் வெளிப்படுவதுண்டு. அக்கலங்களின் நிறம் வண்ணம் பூசியதால் வந்ததன்று. குயவர் கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்றுப் படாத உட்புறமும் விளிம்பும் கருத்தன. தீயும் காற்றும் பட்ட வெளிப்புறம் சிவந்தது. சூளையை ஆண்ட அக்கை எத்துணைத் தேர்ந்த கை!

இத்தாழிகள் தமிழர்க்குப் புதியன அல்ல. சோழன் கிள்ளிவளவன் மறைந்தபோது அவனுக்கேற்ற பெருந்தாழியை எவ்வாறு வனைவாய் என்று குயவனை நோக்கி ஐயூர் முடவனார் கேட்கும் பாட்டு புறநானூற்றில் உள்ளது. கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் சேர்த்து இடமகன்ற தாழியாகச் செய்க என்று குயவனை வேண்டும் பாட்டும் அந்நூலில் உண்டு. ஏட்டில் எழுதப்பெற்ற துயரத்தின் மறுபாதி இந்த மண்ணுக்குள் இருக்கின்றது. பாட்டை வகுப்பறையிற் படிக்கும் மாணவன், தன் ஊர்ப் புறத்தில் உடைந்து கிடக்கும் தாழி விளிம்பை மிதித்துக்கொண்டு பள்ளிக்கு வருகின்றான். பாட்டையும் பானையையும் இணைத்துக் காட்டுவார் இல்லாமையே அதற்குக் காரணம்.

இனி, இழப்பைப் பாருங்கள். கல்வட்டத்தின் கற்கள் கடைக்காலுக்கு உடைக்கப்படுகின்றன. செஞ்சரளை சாலைக்குப் போகின்றது. மேட்டுநிலம் மனைப்பிரிவாகின்றது. ஓரிரவிற் சரக்குந்துகள் ஏற்றிச்செல்லும் மண்ணில், ஓராயிரம் ஆண்டின் சான்று அழிந்துபோகலாம். சில இடங்களைக் காக்கப்பட்ட சின்னங்கள் என்று அரசு அறிவித்துள்ளது. நீலப் பலகையும் நட்டுள்ளது. ஆயின் பலகை காவாது. பக்கத்து வீட்டார் காப்பர். ‘இது யாதோ அரசாங்க நிலம்’ என்று எண்ணுபவன் அதைக் காக்கமாட்டான். ‘இது என் ஊரின் முன்னோர் உறங்கும் இடம்’ என்று உணர்பவனே காப்பான். அவ்வுணர்வைச் சட்டத்தால் ஊட்ட முடியாது. சொல்லால்தான் ஊட்ட முடியும்.

இதற்குச் சான்றாகத் தென்பாண்டி நாட்டின் இரண்டு ஊர்களைக் கொள்ளலாம். ஒன்று பொருநைக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர். 1876ஆம் ஆண்டில் யாகோர் என்னும் செருமானியர் அங்குத் தோண்டினார். கிடைத்த பொருள்களைப் பெர்லினுக்குக் கொண்டுசென்றார். அவை தம் முன்னோருடையவை என்று எடுத்துரைக்கும் அறிவை அன்று அவ்வூர் மக்களுக்கு எவரும் ஊட்டியிருக்கவில்லை. ஆதலால் கேட்பாரில்லை, தடுப்பாருமில்லை.

மற்றொன்று வைகையை அடுத்த கீழடி. 1970களில் அங்குக் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட பழம்பொருள்களை மாணவர் வாயிலாக அறிந்த பள்ளி ஆசிரியர் ஒருவர், அவற்றைத் தொகுத்து வைத்து உரியவர்க்குத் தெரிவித்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழிந்து, 2014-15இல் இந்தியத் தொல்லியல் துறையின் அகழாய்வு அங்குத் தொடங்கிற்று. உழவர்கள் தம் தென்னந்தோப்புகளை அகழாய்வுக்குத் திறந்துவிட்டனர். 2017ஆம் ஆண்டில் அகழாய்வை நடத்திய அறிஞர் அமர்நாத்து இராமகிருட்டிணன் அசாமிற்கு மாற்றப்பெற்றபோது தமிழகமே குரல் எழுப்பிற்று. பின்னர்த் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடர்ந்தது. 2019ஆம் ஆண்டு செபுதம்பரில் அத்துறை வெளியிட்ட அறிக்கை, கீழடியின் காலத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டிற்குக் கொண்டுசென்றது. அவ்வறிக்கை தமிழிலும் வந்தது என்பதைக் குறித்துக்கொள்க. அதன் பின்னர்க் குழிகளைக் காண மக்கள் குடும்பம் குடும்பமாகச் சென்றனர். ஆய்வாளர்கள் குழியின் ஓரத்தில் நின்று, பாட்டிமார்க்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உறைகிணற்றையும் செங்கற் சுவரையும் தமிழில் விளக்கினர். 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அங்கேயே அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது.

அமர்நாத்து இராமகிருட்டிணன் தம் அகழாய்வுகளின் விரிவான அறிக்கையை 2023 சனவரியில் நடுவண் துறையிடம் அளித்தார். அதைத் திருத்தித் தருமாறு அத்துறை 2025 மே திங்களிற் கேட்டபோது, அச்செய்தி அலுவலகக் கோப்புக்குள் அடங்கிவிடவில்லை. தேநீர்க் கடையிலும் பேசப்பட்டது. பெர்லினுக்குச் சென்ற பொருள்களைப் பற்றி அன்று எவரும் கேட்கவில்லை. கீழடி அறிக்கையைப் பற்றி இன்று எல்லாரும் கேட்கின்றனர். இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மக்களின் அறிவே. ஊரறிந்த தொன்மையை ஒருவரும் ஒளிக்க இயலாது.

மயிலாடுதுறையை அடுத்த செம்பியன்கண்டியூரில் நிகழ்ந்ததையும் எண்ணிப்பாருங்கள். 2006ஆம் ஆண்டில் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுத் தோட்டத்திற் கன்று நடக் குழி தோண்டியபோது மெருகேற்றிய கற்கோடரி கிடைத்தது. அவர் அதை எறிந்துவிடவில்லை. தொல்லியல் துறையினரிடம் காட்டினார். அதிலுள்ள குறிகள் சிந்துவெளி எழுத்துகளே என்று ஐராவதம் மகாதேவன் கருதினார். அதனை ஏற்பாரும் உளர், மறுப்பாரும் உளர். முடிவு எதுவாயினும், அவ்வாராய்ச்சி எழுந்ததே ஓர் ஆசிரியர் கல்லைக் கல்லென்று ஒதுக்காமையால்தான்.

பிற நாடுகளும் இவ்வழியிற் சென்றுள்ளன. யப்பானில் நோசிரி என்னும் ஏரியின் படுகையில் 1962ஆம் ஆண்டு முதல் ஆசிரியரும் மாணவரும் பொதுமக்களும் அறிஞரோடு சேர்ந்து அகழ்ந்து வருகின்றனர். பண்டை யானையின் எலும்புகளும் கற்கருவிகளும் அவ்வாறு கிடைத்தன. இங்கிலாந்தில், நிலத்திற் கிடைக்கும் பழம்பொருளை மக்கள் தாமே முன்வந்து பதிவுசெய்யும் திட்டம் 1997ஆம் ஆண்டில் தொடங்கிற்று; இதுவரை பத்து இலக்கத்திற்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. ஏரி அங்கு மட்டுமா உண்டு? ஏர் அங்கு மட்டுமா உழுகின்றது?

இந்நாட்டிலும் நல்ல முயற்சிகள் இல்லாமலில்லை. பழங்கற்காலக் கருவிகளைக் காட்சிக்கு வைத்துப் பூண்டியில் 1985ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை ஓர் அகழ்வைப்பகம் அமைத்தது. அத்திரம்பாக்கத்தில் 1999ஆம் ஆண்டு முதல் ஆய்ந்துவரும் சாந்தி பப்பு, குமார் அகிலேசு ஆகியோரின் சருமா மரபுக்கல்வி நடுவம், ஆராய்ச்சியோடு நில்லாமல் சிறுவர்க்கும் ஆசிரியர்க்கும் தொல்லியற் பயிற்சியும் அளிக்கின்றது. இராமநாதபுர மாவட்டத்துத் திருப்புல்லாணி அரசு மேனிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் அமைத்து, கல்வெட்டுப் படிக்க மாணவர்க்கே கற்றுக்கொடுத்தனர். அங்கு இயன்றது செம்பரம்பாக்கத்தில் இயலாதா? பூவிருந்தவல்லியில் இயலாதா? ஆவடியிலும் அம்பத்தூரிலும் இயலாதா?

இவ்விடத்தில் தமிழுணர்வாளர்க்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகள் ஏறத்தாழ 15 இலக்கம் ஆண்டு பழைமையன என்று 2011ஆம் ஆண்டில் ‘சயின்சு’ என்னும் அறிவியல் இதழில் வெளியான ஆய்வு நிறுவிற்று. அதைவிடப் பிற்பட்ட, நுட்பம் மிகுந்த கருவித்தொழில் அங்கு 3,85,000 ஆண்டுக்கு முன்னரே தொடங்கிவிட்டது என்று 2018ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழ் ஆய்வு காட்டிற்று. இதைக் கேட்ட உடனே, ‘தமிழன் 15 இலக்கம் ஆண்டுக்கு முன்னரே வாழ்ந்தான்’ என்று மேடையில் முழங்குவார் உளர். அது மெய்யன்று. அக்கற்களைச் செதுக்கியோரின் எலும்பு அங்குக் கிடைக்கவில்லை. 15 இலக்கம் ஆண்டுக்கு முன் இற்றை மாந்தவினமே உலகில் தோன்றியிருக்கவில்லை. அவர்கள் என்ன மொழி பேசினர், மொழியே பேசினரா என்பதைக் கல் சொல்லாது. நிலம் தொன்மையானது என்பது ஒரு செய்தி. மொழி தொன்மையானது என்பது வேறொரு செய்தி. ஒன்றின் சான்றை மற்றொன்றுக்குக் காட்டுதல் முறையாகாது.

மிகைபடக் கூறினால் இழப்பவர் தமிழரே. ஒரு கூற்றைப் பொய்யெனக் காட்டிவிட்டு, பத்து மெய்களையும் சேர்த்துத் தள்ளிவிட மாற்றார் காத்திருக்கின்றனர். கீழடிப் பானையோடுகளிற் குவிரன், ஆதன் என்னும் பெயர்கள் தமிழி எழுத்திற் கீறப்பெற்றுள்ளன. சமையற் கலத்தின்மேலும் தண்ணீர்க் குடத்தின்மேலும் எழுத்தைக் கீறிய மக்கள் எழுத்தறிவை அரண்மனைக்குள் பூட்டி வைத்தவர் அல்லர். இம்மெய் ஒன்றே போதாதா? மெய்யே தமிழுக்கு அணி. பொய்யாற் புனைந்த பெருமை, பொய் வெளிப்படும் நாளில் இழிவாய் முடியும்.

எனவே, ஊர்தோறும் நிகழவேண்டிய தொல்லியற் கூட்டம் எத்தகையதாதல் வேண்டும்? முதற்கண், அது தமிழில் நிகழ்தல் வேண்டும். சிந்துவெளி, கிரேக்கம், உரோமம் என்று தொலைவிலிருந்து தொடங்காமல், இவ்வூரின் ஏரியிலிருந்தும் குன்றத்திலிருந்தும் தொடங்குதல் வேண்டும். பேசுவோர் மட்டும் பேச, கேட்போர் கைதட்டிக் கலைதல் கூடாது. கிணறு வெட்டுவோர், சூளை போடுவோர், ஆடு மேய்ப்போர், களையெடுக்கும் பெண்டிர் ஆகியோரே மண்ணை நாள்தோறும் பார்க்கின்றவர். அவர்தம் வாயிலிருந்து, ‘இன்ன மேட்டில் ஓடு மிகுதி, இன்ன வயலிற் பெருங்கல் தட்டுப்படுகின்றது’ என்னும் செய்தி வெளிவருதல் வேண்டும். அறிஞர் அங்கே ஆசிரியராக மட்டுமன்றி மாணவராகவும் அமர்தல் வேண்டும்.

அடுத்து, ‘எடுக்காதே’ என்பதைக் கற்பித்தல் வேண்டும். தொல்லியலின் உயிர் பொருளில் இல்லை. பொருள் கிடக்கும் இடத்தில் உள்ளது. மண் அடுக்கடுக்காகப் படிகின்றது; கலைக்கப்படாத மண்ணில் கீழடுக்கு முந்தியது, மேலடுக்குப் பிந்தியது. ஓர் ஓடு எந்த அடுக்கில், எதனுடன் கிடந்தது என்பதைக் கொண்டே அதன் காலத்தையும் பயனையும் அறிகின்றனர். அழகாயிருக்கின்றதே என்று அதைப் பிடுங்கி வீட்டு நிலைப்பேழையில் வைத்தால், அது நூலிலிருந்து கிழித்தெடுத்த தாளாகிவிடும்; தாள் இருக்கும், கதை இராது. எதிர்பாராது பொருள் வெளிப்பட்டால் வேலையை நிறுத்தி, இடத்தைக் குறித்து, கைப்பேசியிற் படமெடுத்து, ஊர் நிருவாக அலுவலர்க்கோ வட்டாட்சியர்க்கோ தெரிவிப்பதே முறை. புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் கடமை என்று 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டமும் கூறுகின்றது.

மூன்றாவது, பள்ளியில் ஓர் ஊர்க்குறிப்பேடு தொடங்குதல் வேண்டும். வயல்களின் பழம்பெயர், மேடுகளின் பெயர், மதகுகளின் பெயர், முதியோர் சொல்லும் செய்தி ஆகியவற்றை மாணவர் அதில் எழுதி வருக. மனைப்பிரிவுகள் பெருகும் இப்பகுதியில், மண்ணோடு மண்ணின் பெயர்களும் மறைகின்றன. ஒரு மேட்டின் பெயரைப் புது நகரின் பெயர் விழுங்கிவிட்டால், நாளை ஆய்வாளர் எதைக் கேட்டு எங்கே செல்வர்? இவ்வேலைக்கு அரசாணை வேண்டியதில்லை. ஓர் எழுதுகோலும் ஓர் ஏடும் அக்கறையுள்ள ஓர் ஆசிரியரும் போதும்.

பெரியீர்! ஏரியின் கரை உடையாமற் காப்பது ஊரின் கடமை என்று முன்னோர் கருதினர். அரசன் பார்த்துக்கொள்வான் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியுடன் சென்று கரையை உயர்த்தினர். தொன்மையும் ஓர் ஏரியே. பல தலைமுறைகளின் வாழ்வு அதில் தேங்கி நிற்கின்றது. அதன் கரை ஊராரின் அறிவு. கரை உடைந்தால் தேங்கியது ஒழுகிப்போகும். ஒழுகியதை மீட்க எந்த அருங்காட்சியகத்தாலும் இயலாது.

ஆதலின், இக்கூட்டம் முடிந்து வீடு திரும்புவோர் ஒவ்வொருவரும் இன்றிரவே தம் வீட்டு முதியோரிடம் ஒரு கேள்வி கேட்பாராக: ‘இந்த மனை மனையாவதற்கு முன் என்ன பெயர் பெற்றிருந்தது?’ அவ்விடையிலிருந்து இவ்வூரின் அகழாய்வு தொடங்கட்டும். கடப்பாரை பிறகு வரும். முதலில் கேள்வி வரட்டும்.

வெல்க தமிழ்! வாய்மையால் வெல்க!